மடியோடு எழுந்து போன மைத்துனருக்கு

காவாந்தண்டலம்,
வைகாசி, ஞாயிற்றுக்கிழமை.

தென்னேரியில் இருக்கும் அன்பு மைத்துனன் விஜய்க்கு, உன் அக்காள் சசிரேகாவின் கணவன் மோகன்குமார் எழுதுவது. இங்கே மாடுகள் நலம், போர்செட் மோட்டார் நலம். மனிதர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. அத்தை சுலோச்சனா அம்மாளுக்கு முட்டி வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுகிறான் என்று நீ சிரிப்பாய். என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய், குடும்ப குரூப்பை விட்டும் வெளியேறிவிட்டாய், நான் வேறு என்னதான் செய்ய? கிழித்துப் போடுவதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழி.

முதலில் அந்த பேனர் விஷயம். என் மகள் இளமதியின் காதுகுத்துக்கு உத்திரமேரூரில் பேனர் அடிக்கக் கொடுத்தபோது நான் சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: பின்னணி என் பிரேசில் நிறத்தில் மஞ்சளும் பச்சையுமாக இருக்கட்டும், நடுவில் குழந்தை, பக்கத்தில் தாய்மாமன் படம் பெரிதாக. கடைக்காரப் பையன் உன் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து பிரேசில் கால்பந்து ஆட்டக்காரன் ஒருவனுடைய உடம்பின் மேல் ஒட்டுவான் என்று நான் நினைக்கவில்லை. பார்த்ததும் மாற்றச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பார்த்ததும் சிரிப்பு வந்தது, அதுதான் உண்மை. பிறந்ததிலிருந்து அர்ஜென்டினா அர்ஜென்டினா என்று உயிரை விடுகிறவனை பிரேசில் சட்டையில் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? பந்தல் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு நீ அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றதும், "இன்னா மாமா, எம்மூஞ்சிய எவன் ஒடம்புல கொண்டாந்து ஒட்டி வச்சிக்கீறீங்க?" என்று கேட்டதும் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அப்போதே "தப்புதான் மச்சான்" என்று சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். நான் என்ன சொன்னேன்? "இது கையால கோல் போட்டவன் ஒடம்பு இல்ல மச்சான், சுத்தமான ஒடம்பு" என்றேன். நாற்பது வருஷத்துக்கு முன்னால் எந்த நாட்டிலோ அர்ஜென்டினாக்காரன் ஒருவன் கையால் தட்டிய பந்துக்கு, தென்னேரியிலிருந்து சீர் தூக்கிக்கொண்டு வந்த உன்னைப் பந்தல் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்டேன்.

நீயும் சும்மா இருக்கவில்லை. "சொந்த ஊர்ல ஏழு கோல் வாங்கனவங்களா மாமா பேசறது? காது குத்த ஆசாரி எதுக்கு, அந்த ஜெர்மன்காரனையே கூப்பிடுங்க, ஒரே மூச்சுல ஏழு ஓட்டை போட்டுட்டுப் போவான்" என்றாய். பந்தலே சிரித்தது. என் கூடப் பிறந்த தம்பியும் சிரித்தான், சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்து சிரித்தார். எனக்கு மண்டைக்குள் சுர்ரென்று ஏறிவிட்டது. எங்களிடம் ஐந்து கோப்பை இருக்கிறது என்று நான் கத்த, "அஞ்சாவது வந்தப்போ எனக்குப் பால் பல்லே வுழல மாமா, போன தடவ கப்பு யாரு வூட்டுக்கு வந்துச்சி, அதச் சொல்லுங்க" என்று நீ கேட்க, கோப்பை ஜெயித்த தெம்பு வேறு, தலைக்கனம் வேறு என்று நான் வியாக்கியானம் செய்ய, நமக்குள் நடந்த அந்தச் சண்டையில் நம் நாடு எந்தப் பக்கமும் இல்லை. நம் நாடுதான் அந்தப் போட்டியிலேயே இல்லையே. ஊசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சுப்பிரமணி ஆசாரி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மேட்ச்சு என்னிக்கிப்பா நடந்துச்சி?" என்று கேட்டார். உலகக் கோப்பையே அடுத்த வாரம்தான் தொடங்குகிறது என்று யாரோ சொன்னார்கள். "அப்ப நேரம் கீது. மொதல்ல கொயந்தைக்கிக் காத குத்திடலாம், நல்ல நேரம் போய்க்கினு கீது" என்றார். அன்று அந்தப் பந்தலில் புத்தியோடு பேசியவர் அவர் ஒருவர்தான், அவர் பேச்சை நான் கேட்கவில்லை.

அதற்குள் சீர்த்தட்டைத் திறந்துவிட்டார்கள். தாய்மாமன் கொண்டுவந்த துணியைக் கட்டிக்கொண்டுதான் காது குத்தும்போது பிள்ளை அவன் மடியில் உட்கார வேண்டும் என்பது நம் இரண்டு வீட்டுக்கும் பொதுவான வழக்கம். பட்டுப்பாவாடையைப் பார்க்க எல்லோரும் எட்டிப் பார்த்தால், மேலாக இருந்தது நீலமும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட அர்ஜென்டினா ஜெர்ஸி. முதுகில் இளமதி என்று பெயர் அடித்து, பத்தாம் நம்பர் வேறு. அப்போது என் வாயிலிருந்து வந்ததை இங்கே திரும்ப எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்: "இந்தக் கலர்ல எம் பொண்ணு ஒக்கார மாட்டா. ஒக்காந்தா அது எங்க வூட்டு விசேஷமே இல்ல." மொட்டை அடித்து, தலையில் சந்தனம் பூசி, உன் மடியில் அப்பளம் கடித்துக்கொண்டிருந்த பிள்ளையை நீ மெதுவாக இறக்கிவிட்டாய். "கலரு வாணாம்னா மடியும் வாணாம் மாமா" என்றாய். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

ஜெர்ஸியை என் முகத்தில் விட்டெறிந்தது நீதான் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். வீடியோ எடுத்த ஜான்சன் முந்தாநாள் பென்டிரைவ் கொண்டுவந்தான். கோலா இல்லையா என்று நடுவர் திரையைப் போய்ப் பார்ப்பாரே, அது மாதிரி வீட்டில் அத்தனை பேரும் கூடி உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். எறிந்தது நான். அதைக் கீழேயிருந்து எடுத்து, மண்ணைத் தட்டி, மடித்துத் தட்டில் வைத்தது நீ. வைக்கும்போது நீ சொன்னது அன்று மேளச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. வீடியோவில் கேட்கிறது. "போட்டோக்கு மட்டும்தான் மாமா, அடியில பட்டுப்பாவாடை கீது." விஜய், இருந்தது. ஊதா நிறத்தில், தங்க ஜரிகை போட்டு, அடியிலேயே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. டிவியை நிறுத்திவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது போலக் கொல்லைப்புறம் போய்விட்டேன்.

இப்போது வீட்டு நிலவரம் சொல்கிறேன். உன் அக்கா என்னோடு பேசுவதில்லை. நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும் "உங்கப்பன வந்து சோறு துன்னச் சொல்லு" என்று மூன்று வயதுப் பிள்ளையிடம்தான் சொல்கிறாள். பிள்ளைக்கு மொட்டை மட்டும் அடித்துக் காது குத்தாமல் விட்ட வீடு என்று தெருவில் பெயராகிவிட்டது, அந்த மொட்டையிலும் முடி முளைக்கத் தொடங்கிவிட்டது. உன் சித்தப்பா மகன் ஒருவனை மாமன் முறைக்கு உட்கார வைத்துப் பார்த்தோம். இளமதி அவன் மடியில் ஏறவே மாட்டேன் என்று காலை உதைத்து அழுதாள். அன்று நீ உட்கார்ந்த நாற்காலியைத் தானே இழுத்துக்கொண்டு போய் மூலையில் போட்டுவிட்டு, அதில் யார் உட்காரப் போனாலும் "மாமாது" என்கிறாள். பேனரைக் கழற்றி வைக்கோல்போர் மேல் மூடியிருக்கிறேன். உன் முகம் மேலே வராமல் திருப்பித்தான் போட்டிருக்கிறேன், மரியாதை தெரியாதவன் என்று நினைக்காதே.

ஆனி மாதம் நாள் பார்த்தாகிவிட்டது. மாமன் மடி இல்லாமல் என் மகளுக்குக் காது குத்தப்போவதில்லை, அவள் கல்யாணத்துக்கே வெறுங்காதோடு நின்றாலும் சரி. நீ வா. பட்டுப்பாவாடைகூட அப்புறம்தான். அந்த நீல வெள்ளை ஜெர்ஸியைத்தான் அவளுக்குப் போட்டு, ஊர் பார்க்க உன் மடியில் நானே தூக்கி வைக்கிறேன். டிவி ரிமோட்டை உன் அக்காவிடம் ஒப்படைத்துவிட்டேன், இந்த உலகக் கோப்பையில் ஓர் ஆட்டமும் பார்க்கப்போவதில்லை. எந்த நாடு ஜெயித்தாலும் நம் வீட்டில் ஒரு கை பச்சரிசி கூடவா சேரும்? எனக்கு மச்சான் நீ ஒருத்தன்தான். உன்னை இழந்துவிட்டு நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவேன்?

அத்தைக்கு என் வணக்கம். உன் வண்டிக்கு பஞ்சர் வராமலும், உன் வேலைக்கு லீவு தடையில்லாமலும், உன் மனசு சீக்கிரம் ஆறவும் நம் இரண்டு வீட்டுக் குலதெய்வங்களும் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
உன் மன்னிப்புக்குக் காத்திருக்கும் மாமன்
மோகன்குமார்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் முன் ஒரு சின்ன விஷயம் நடந்துவிட்டது. புதுத்துணிக்கு மஞ்சள் வைக்காமல் போடக்கூடாதே, அந்தக் காரியத்தை என் கையாலேயே செய்தால் நீ மகிழ்வாய் என்று நினைத்து ஜெர்ஸியை எடுத்தேன். ஓர் ஓரத்தில் தொட்டு வைத்தால் போதும் என்பது எனக்குத் தெரியாது. கேட்கலாம் என்றால் உன் அக்கா என்னோடு பேசுவதில்லை. எனவே வாளியில் மஞ்சளைத் தாராளமாகக் கரைத்து முழுசாக ஊறப்போட்டுவிட்டேன். எடுத்துப் பார்த்தால் வெள்ளைப் பட்டையெல்லாம் மஞ்சள், நீலப் பட்டையெல்லாம் பச்சை. அலசி அலசிப் பார்த்தேன், போகவில்லை. நம் பிள்ளை மேல் ஆணை, நான் வேண்டுமென்று செய்யவில்லை. உன் அக்கா உட்பட ஒருவரும் நம்பவில்லை. இளமதி அதைப் போட்டுக்கொண்டு கழற்றவே மாட்டேன் என்கிறாள். காலையிலிருந்து வீடு வீடாகப் போய் முதுகைக் காட்டிவிட்டு வருகிறாள். இந்த பிரேசில் சட்டையை யார் வாங்கித் தந்தது என்று கேட்கிறவர்களிடமெல்லாம், "எங்க விஜி மாமா" என்கிறாள்.