பின்சீட்டில் காய்ந்த மாம்பழம்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிள்ளைகளின் தாய்மாமனை மாம்பழக் கூழின் மேல் உட்கார வைத்த புண்ணியவதி நான்தான். அதுவும் வெள்ளைக் கால்சட்டையோடு.

அப்போது எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். என் கணவரின் முதல் மனைவி நோயில் இறந்து மூன்று வருடமாகியிருந்தது. ஒன்பது வயது யாழினி, ஆறு வயது கவின் என்று இரண்டு பிள்ளைகள். இருவரும் என்னிடம் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனால் என்னை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிட மாட்டார்கள். தாகமெடுத்தால் கவின் ஃபிரிட்ஜ் முன்னால் போய் நின்று, "தண்ணி வேணும்" என்று அதனிடம் சொல்வான். ஃபிரிட்ஜ் சார்பில் நான் போய் எடுத்துக் கொடுப்பேன்.

ஜூன் விடுமுறையில் அவர்களுடைய மாமா மலேசியாவின் ஈப்போவிலிருந்து சிங்கப்பூருக்கு, எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார். இறந்துபோனவரின் அண்ணன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எங்கள் கல்யாணத்துக்கு முன்பே அவர் என் கணவரிடம், "சரிப்பட்டு வரலேன்னா பிள்ளைங்க ரெண்டு பேரையும் ஈப்போவுக்கு அனுப்பிடுங்க மாப்பிள்ளை, நாங்க வளர்த்துக்கிறோம்" என்று சொல்லியிருந்தார். சரிப்பட்டு வந்ததா என்று பார்க்கத்தான் இப்போது வருகிறார். என்னைக் கூப்பிடக்கூடச் செய்யாத பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவரிடம் நான் எதைக் காட்டுவது?

அதற்கு நான் கண்டுபிடித்த வழிதான் மாம்பழ ரோல். பழத்தை அரைத்து, சர்க்கரை போட்டுக் கிளறி, மெல்லியதாக ஊற்றி வெயிலில் காயவைத்துச் சுருட்டுவது. பிள்ளைகளோடு சேர்ந்து செய்து, மாலை ஆறு மணிக்கு மாமா வந்ததும் மூவருமாகத் தட்டில் வைத்து நீட்டுவதாகத் திட்டம். (விளம்பரங்களில் வரும் குடும்பம் மாதிரி இருக்க வேண்டும் என்று ஆசை. எனக்கு அப்போது புத்தி அவ்வளவுதான்.)

தேக்கா சந்தையில் ஒரு பெட்டி மாம்பழம் வாங்கிவந்தோம். கவின் பிசைந்தான், யாழினி வடிகட்டினாள், நான் கிளறினேன். எல்லாம் முடிந்த பிறகுதான் எங்கே காயவைப்பது என்ற கேள்வி வந்தது. அடுக்குமாடி வீட்டில் மொட்டை மாடிக்கு எங்கே போவது? காரிடாரில் பரப்பினால் பக்கத்து வீட்டுப் பூனை சும்மா இருக்காது. வெளியே வைத்தால் மூன்று மணிக்கு மழை வந்து கூழைக் கஞ்சியாக்கிவிடும்.

"கார்ல வைக்கலாமே" என்றாள் யாழினி. "மேல் டெக்ல நிக்குது. உள்ள சூடு ஓவன் மாதிரி இருக்கும்."

அவள் தானாக என்னிடம் சொன்ன முதல் யோசனை அது. காருக்குள் பாம்பை விடலாம் என்று சொல்லியிருந்தாலும் சரி என்றிருப்பேன்.

கார்ப்பார்க்கின் உச்சித் தளத்தில் கார் கொதித்துக்கொண்டிருந்தது. பின்சீட்டில் அட்டை வைத்து, மேலே பிளாஸ்டிக் விரித்து, கூழை ஊற்றி, ஜன்னலை இரண்டு விரல் திறந்துவிட்டு வந்தோம். ஒன்றரை மணி நேரத்தில் மேலே ஆடை கட்டிவிட்டது. மைனா உள்ளே புகுந்துவிடும் என்று கவின் பயந்ததால் என் கணவரின் பழைய வேட்டியை எடுத்து மூடினோம். வீட்டுக்குத் திரும்பியபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்று மணிக்குப் பார்க்கப் போனால், காரைக் காணோம்.

"திருடிட்டாங்க" என்று கவின் அழ ஆரம்பித்தான். போலீசைக் கூப்பிடக் கைப்பையைத் துழாவினால், கைபேசி வீட்டில் சார்ஜில் கிடந்தது. ஓடிவந்து எடுத்தால், ஒரு மணி நேரத்துக்கு முன்னால் கணவர் அனுப்பிய செய்தி: 'மச்சான் முந்தின பஸ்ஸைப் பிடிச்சு வந்துட்டார். ஆபீஸ்ல இருந்து நேரா வந்து காரை எடுத்துட்டேன்.'

நான் உடனே அழைத்தேன். "பின்சீட்டுல யாரையும் உட்கார வைக்காதீங்க."

"மச்சான் எப்பவும் பின்னாடிதானே உட்காருவார்" என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வேட்டி விரிச்சு வச்சிருந்தியே, அவருக்கு ரொம்பச் சந்தோஷம். இந்தக் காலத்துல யாரு இப்படி மரியாதை செய்யுறாங்கன்னு கேட்டார்" என்றார்.

அவரை எழுப்பச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அழைப்பை வைத்துவிட்டார்.

பத்து நிமிடத்தில் வாசல் மணி அடித்தது. மாமா நேராக நின்றிருந்தார். வேட்டி அவருக்குப் பின்னால் கூடவே வந்திருந்தது. யாரும் கட்டிவிடாமல் தானாக ஒட்டிக்கொண்டிருந்தது. அவருக்கும் பின்னால் என் கணவர், சவப்பெட்டி தூக்க வந்தவர் முகத்தோடு.

"யாரோட வேலை இது?" என்றார் மாமா. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தை அடக்கிய குரல்.

எல்லாம் முடிந்தது, இன்றைக்கே பிள்ளைகளின் துணிமணியை எடுத்துவைக்கச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அப்போது என் சட்டையைப் பின்னாலிருந்து ஒரு கை பிடித்தது. கவின் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்தான்.

யாழினி ஒரு அடி முன்னால் வந்தாள். "நாங்க மூணு பேரும்தான் மாமா. உங்களுக்குத்தான் செஞ்சோம். நீங்கதான் சீக்கிரம் வந்துட்டீங்க லா."

மூணு பேரும். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மாமா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பின்னால் கையை விட்டு, வேட்டியில் ஒட்டாத ஓரமாக ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். பரீட்சைத் தாள் திருத்துபவர் போல நிதானமாக மென்றார்.

"இன்னும் ரெண்டு மணி நேரம் காயணும்" என்றார். "சர்க்கரை சரியா இருக்கு."

மூன்று நாள் தங்கினார். பிள்ளைகளை அழைத்துப்போகும் பேச்சை எடுக்கவே இல்லை. கிளம்பும்போது மட்டும், "டிசம்பர் லீவுக்கு மூணு பேரும் ஈப்போவுக்கு வாங்க" என்றார்.

"மச்சான், நான்?" என்றார் என் கணவர்.

"நீங்க கார் ஓட்டுங்க."

அந்தக் காரை எத்தனையோ தடவை கழுவிவிட்டோம். இன்றும் வெயிலில் நின்றுவிட்டு ஏசியைப் போட்டால் மாம்பழ வாசனை வரும். பிள்ளைகள் என்னைக் கூப்பிட ஆரம்பித்தது எந்த நாள் என்று எவ்வளவு யோசித்தாலும் பிடிபடவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மாமா இப்போதும் வருடம் ஒருமுறை வருகிறார். பின்கதவைத் திறந்ததும் குனிந்து சீட்டைத் தடவிப் பார்ப்பார். "எதையும் காயப்போடலையே?" என்று தலைமையாசிரியர் குரலில் கேட்பார்.

"பயப்படாம உட்காருங்க மாமா," என்பான் கவின். "சித்தி பார்த்துட்டாங்க."