அவர்கள் சார்பாக ஒரு வார்த்தை

பிறருக்காகப் பரிந்து பேசுபவர் என்றோர் இனம் உண்டு, நீங்கள் அறியாததன்று. எவரேனும் ஏதேனும் சிரமத்தோடு எதிர்ப்பட்டால் போதும், இவருடைய தொண்டை தானாகவே செருமிக்கொள்ளும். பார்வையற்ற நண்பரோடு சிற்றுண்டிச் சாலைக்குச் செல்வார். பரிமாறுபவர் நண்பரிடம் என்ன வேண்டுமென்று கேட்டால், "சாருக்குச் சர்க்கரை இல்லாம ஒரு காபி" என்று இவர் விடையளிப்பார். சர்க்கரையை விலக்கச் சொன்ன மருத்துவர் யார்? இவரேதான்.

நல்லவர். அதுதான் சங்கடம்.

இவ்வினத்தின் முழு வளர்ச்சி பெற்ற ஒருவரை மாலைக் கல்லூரி ஒன்றில் கண்டேன். அங்கே சம வாய்ப்புக் குழுவுக்கு அவர்தாம் தலைவர். செவ்வாயன்று கூடிய சிறப்புக் கூட்டத்துக்கு ஒரு மாணவியும் வந்திருந்தார். பகலில் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை. நடமாட்டம் சக்கர நாற்காலியில். பட்டம் பெறப் புள்ளியியல் தாள் ஒன்றே பாக்கி. வியாழக்கிழமை அதை எழுதாவிட்டால் இன்னும் ஓராண்டு காத்திருக்க வேண்டும். தேர்வோ மூன்றாம் மாடியில், மின்தூக்கி கிடையாது. ஏன் மூன்றாம் மாடி? தரைத்தளத்தின் ஒரே பெரிய அறை வியாழன்தோறும் சம வாய்ப்புக் குழுவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது.

அந்த அறையில்தான் எல்லாரும் அப்போது அமர்ந்திருந்தோம்.

"சார், எனக்கு இந்த ரூம்..." என்று தொடங்கினார் மாணவி.

"தெரியும்மா. நீங்க கஷ்டப்பட்டுச் சொல்லவே வேணாம்" என்றார் தலைவர்.

பிறகு அவர் பேசினார், பேசினார், அப்படிப் பேசினார். மின்தூக்கி கேட்டு மேலிடத்துக்கு மனு அனுப்புவதென்றும், அது வரும்வரை வாட்டசாட்டமான நால்வர் மாணவியை நாற்காலியோடு தூக்கிச் செல்வதென்றும், மேலே சேர்ந்ததும் பூச்செண்டு அளிப்பதென்றும், அதைப் புகைப்படம் எடுத்து ஆண்டு மலரின் அட்டையில் போடுவதென்றும் தீர்மானங்கள் நிறைவேறின. மாணவி இன்னும் இருமுறை வாய் திறந்தார். ஒருமுறை அதை நன்றி என்று குறித்துக்கொண்டார்கள். மறுமுறை தண்ணீர் கொடுத்தார்கள்.

"திருப்திதானேம்மா?" என்று கேட்ட தலைவர், "திருப்திதான்" என்று தாமே முடித்துவைத்தார்.

தேநீர்க் கோப்பைகளை எடுக்க வந்த அலுவலக உதவியாளர், மாணவியின் முகத்தைப் பார்த்து நின்றார்.

"என்னம்மா வேணும்?"

அன்று மாலை அந்த அறையில் மாணவியிடம் கேட்கப்பட்டு, விடைக்காகக் காத்திருந்த முதல் கேள்வி அது.

"வியாழக்கிழமை இந்த ரூம் வேணும்ண்ணே."

"அவ்வளவுதானா? இவங்க மேல போய் உக்காரட்டும்."

எந்த அறை யாருக்கு என்று அறிவிப்புப் பலகையில் எழுதுபவரே அவர்தாம். அடுத்த அறையிலிருந்த தேர்வுக் கண்காணிப்பாளரிடம் கையெழுத்து வாங்க அவருக்கு இரண்டு நிமிடம் பிடித்தது.

வியாழனன்று மாணவி தரைத்தளத்தில் தேர்வெழுதினார். தலைவர் மூன்று மாடியும் மூச்சிரைக்க ஏறிச் சென்று, படிக்கட்டுகள் எத்தகைய கொடுமை என்பதைப் பற்றி, இம்முறை சொந்த அனுபவத்தில், ஒருமணி நேரம் உருக்கமாகப் பேசினார் என்று கேள்வி.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. நமக்கும் இவருக்கும் என்ன தொடர்பு என்றுதானே? நல்லது. அந்த மாணவி எழுதியது எந்தப் பாடம்? மேலே பாருங்கள், சொல்லியிருக்கிறேன். சக்கர நாற்காலி மட்டும் நினைவிருந்து பாடம் மறந்துபோயிற்றென்றால், குழுவில் ஓரிடம் காலியாக இருக்கிறது. அடுத்த கூட்டம் வியாழக்கிழமை, மூன்றாம் மாடியில்.