நாதசித்தரின் தேனும் நாலு மிளகும்

மலைமேல் இருக்கும் செம்மேட்டுச் சந்தைக்கு அன்று வந்தவர்களில் பாதிப் பேர் எதையும் வாங்க வரவில்லை. காதைக் காட்ட வந்தார்கள். புண்ணும் வலியும் என்னவோ காலிலும் கையிலும்தான். ஆனால் நாதசித்தர் வைத்தியம் பார்ப்பது காது வழியாக!

"காதுல ஓசை எறங்குச்சுன்னா கத்தி ஏறுனாலும் வலிக்காதுங்கோ!" என்று மைக்கில் முழங்கிக்கொண்டிருந்தார் தலைமைச் சீடர் பூபதி. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

நாதசித்தரின் பழைய பெயர் முருகானந்தம். மலையடிவாரக் காரவள்ளியில் மைக் செட் வாடகைக்கு விட்டவர். ஒருநாள் மலைக் குகையில் சித்தர்கள் தோன்றி, வலி தீர்க்கும் ஓசை ஒன்றை அவருக்கு அருளினார்களாம். பென் டிரைவில் அருளினார்களா, வாட்ஸ்அப்பில் அனுப்பினார்களா என்று யாரும் கேட்கவில்லை. எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வரும் பஸ்ஸில் இதே சித்தர் எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுப்பதில்லை. வாந்திக்கு ஓசை அருள அந்தச் சித்தர்கள் மறந்துவிட்டார்கள் போலும்.

அவர் காசைத் தொடமாட்டார். அவ்வளவு பெரிய துறவி! ஆளுக்கு ஒரு படி மிளகு வாங்கிக்கொள்வார், அவ்வளவுதான். அவர் பின்னால் மூட்டைகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன.

வைத்தியம் எளிது. காதில் ஹெட்போன். புண்ணின் மேல் கொஞ்சம் தேன். "தேன் சும்மா பிரசாதம், வேலை செய்யறது ஓசை" என்பார் சித்தர். ஐந்து நிமிடம் கழித்துப் புண்ணை அழுத்துவார். வலிக்காது. உடனே கேட்பார்: "நோவு போச்சா?"

"போச்சுங்க சாமி!"

இந்த ஒரு சொல்லில்தான் அவர் பிழைப்பு ஓடியது. நம் ஊரில் வலிக்கும் நோவு என்றுதான் பெயர், வியாதிக்கும் நோவு என்றுதான் பெயர். போனது எந்த நோவு என்று கேட்டிருந்தால், சித்தர் அன்றைக்கே மறுபடி மைக் செட் கடையைத் திறந்திருப்பார்.

மரவள்ளி பயிரிட்டிருந்த ராசப்பனும் கேட்கவில்லை. சர்க்கரை வியாதிக்காரர். மண்வெட்டி பட்ட கால் விரல் கறுத்துவிட்டது. ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ் ஹேமலதா தலையில் அடித்துக்கொண்டாள். "அண்ணா, இப்பப் போனா ஒரு வெரலோட போயிரும். தள்ளிப்போட்டா காலே போயிரும். நாமக்கல் பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தாரேன்."

கத்தி என்றதும் ராசப்பனுக்கு உதறல். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேரே சித்தரிடம் வந்தார். இன்று மூன்றாவது முறை. கறுப்பு பாதம் வரை ஏறியிருந்தது. ஓசை கேட்கும்போது வலி போகும், வீடு திரும்பியதும் வந்துவிடும். "ஓசை ஒடம்புல ஊறோணும்" என்றார் சித்தர். ஊறிக்கொண்டிருந்தது சீழ்.

அன்று புண்ணில் தேன் தடவியது ராசப்பனின் மனைவி கண்ணாயி. மலைக்காரி விரலில் ஒட்டிய தேனைத் துணியிலா துடைப்பாள்? காலில் படாத விரலை நக்கிவிட்டாள். பிறகு காணிக்கை மிளகைக் கொட்டப் போனவள், பழக்க தோஷத்தில் ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

காரம் இல்லை.

இன்னொன்று கடித்தாள். நாலு கடித்தாள். மண்ணைக் கடித்தது போல் இருந்தது. சொந்தக் கொடியில் காய்த்த மிளகு! நாக்கைத் தொட்டுப் பார்த்தாள். மரத்துக் கிடந்தது. கண்ணாயி படிக்காதவள்தான். ஆனால் யோசித்தாள். ஓசை கேட்டது அவர் காது. மரத்துப்போனது என் நாக்கு. அதெப்படி?

நாக்குக்குக் கொஞ்சம் உணர்ச்சி திரும்பியதும் முன்னால் போய் நின்றாள். "ஏனுங்க சாமி, ஓசை கேட்டா ஒடம்பு பூரா வலி தெரியாதுங்களா?"

"ஒடம்பென்ன கண்ணு, ஏழு பிறவிக்கும் தெரியாது!"

"அப்பப் பூபதி அண்ணன் ஓசைய மட்டும் கேக்கட்டுங்க. தேன் வேண்டாம். ஒரு புடி மெளக மெல்லட்டும்."

சித்தர் வாய் திறப்பதற்குள் பூபதி ஹெட்போனை மாட்டிக்கொண்டார். பாவம், அவர் உண்மையிலேயே நம்பியவர். மூட்டையில் கைவிட்டு வாய் நிறையப் போட்டு மென்றார்.

"ஐயோ! தண்ணி! தண்ணி!"

ஹெட்போன் ஒரு பக்கம் பறந்தது, சீடர் ஒரு பக்கம் பறந்தார்.

"இப்ப ஓசை வேண்டாமுங்க" என்றாள் கண்ணாயி. "சாமி தேன மட்டும் ஒரு வாய் சாப்புடுங்க."

"இன்னைக்கு நான் விரதம்."

"தேனுக்கு ஏது விரதம்? சாப்புடுங்க சாமி!" என்றது கூட்டம். பக்தியோடுதான். தப்பிக்க வழியில்லை. சித்தர் ஒரு கரண்டியை விழுங்காமல் வாயிலேயே அடக்கினார். பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ஆத்திரம் தாங்காமல் சபிக்க வாயெடுத்தார்.

"ஷா... ஷாபம் விழ்ழும்! ஷர்வ நாஷ்..."

சபிக்கக்கூட நாக்கு புரளவில்லை!

சந்தைக்கு வந்திருந்த ஹேமலதா மேடைத் துணியை விலக்கினாள். கீழே பிதுக்கிப் போட்ட குழாய்கள். "இது மரக்கடிக்கிற மருந்து. ஆஸ்பத்திரில ஊசி குத்தறதுக்கு முந்தித் தடவுவோம். இதத்தான் தேன்ல கலக்கியிருக்காரு. வலிய மறைக்கும், வியாதிய ஒண்ணும் பண்ணாது."

போலீஸ் வந்தது. நாக்கு திரும்பும் வரை வாக்குமூலத்துக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

ராசப்பனை அன்றே நாமக்கல்லுக்குக் கொண்டு போனார்கள். ஒரு விரலோடு போக வேண்டியது, பாதி பாதமாகப் போனது. கால் தப்பியது. எனக்கு இதை எழுதும்போதும் வயிறு எரிகிறது.

அறுவை அறையில் அவர் நடுங்கினார். அங்கிருந்த நர்ஸ், "என்ன பாட்டுப் புடிக்கும்?" என்று கேட்டு, ஒரு தெம்மாங்கைப் போட்டுவிட்டாள். நடுக்கம் குறைந்தது. "பயத்துக்குத்தானுங்க பாட்டு. மரக்கறதுக்கு முதுகுல ஊசி போட்டாச்சு" என்றாள். பாட்டு அதன் வேலையைச் செய்தது, டாக்டர் அவர் வேலையைச் செய்தார்.

ஊர் திரும்பியதும், இந்தப் பாட்டுக் கதை காதில் விழுந்த ஒருவர் பஸ் ஸ்டாண்டில் கண்ணாயியை ஓடிவந்து பிடித்தார். "அந்த ஆஸ்பத்திரிப் பாட்டு என்ன பாட்டுங்க? எங்கூட்டுக்காரிக்கு முட்டி வலி, போட்டுக் காட்டோணும்."

கண்ணாயி மடியிலிருந்து ஒரு மிளகை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"மொதல்ல இதக் கடிங்க. உறைக்குதான்னு பாத்துட்டுப் பொறவு பேசலாம்."

மரத்த நாக்கு ஒரு மணி நேரத்தில் தானே சரியாகிவிடுகிறது. மக்களே, மூளைக்கும் அவ்வப்போது ஒரு மிளகைக் கடிக்கக் கொடுங்கள்.