மூன்றாம் தரம்

காலை பதினொன்று இருபது. ஹவுன்ஸ்லோவில் எங்கள் வீட்டு ஜன்னல் வழியாக நான் முதலில் கண்டது, ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்த ஒரு காரை. அக்காவைப் பெண் கேட்டு பாரிஸிலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளையும் அக்காவும் ஏற்கெனவே விரும்பியிருந்தார்கள்; பெரியவர்கள் தலையாட்டினால் போதும்.

"வடையை மட்டும் நீட்டு. வாயைத் திறக்காதை" என்று அப்பா முதல் நாளே எச்சரித்திருந்தார்.

நான் அப்போது ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் பயிற்சி நிருபர். நவீன பிரான்சின் வெளியுறவு வரலாற்றைத் தொடராக எழுதிக்கொண்டிருந்தேன். (முழுக்கப் படித்தவர் ஒருவர்தான். பிழை திருத்துபவர்.)

மாப்பிள்ளையின் தகப்பனார் பாரிஸ் உணவகங்களில் முப்பது வருடம் சமைத்து, பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர். கடலடிச் சுரங்கத்தால் வந்ததைப் பற்றி ஏதோ சொன்னார். எனக்கு அது போதும். வடைத்தட்டோடு நின்றபடியே 1956 சூயஸ் கால்வாய்ப் போரில் தொடங்கினேன்; அல்ஜீரியாவை இழந்தேன்; நேட்டோ தலைமையகத்தைப் பாரிஸிலிருந்து கிளப்பினேன். விமான நிலையம் பக்கத்தில் என்பதால், தலைக்கு மேல் விமானம் போனால் பேச்சை நிறுத்தித் தொடர்வது எங்கள் தெரு வழக்கம். அன்று நான் நிறுத்தவில்லை. ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேரக் கேட்ட பிரிட்டனைப் பிரான்ஸ் இரண்டு தரம் 'வீட்டோ' என்னும் தடுப்பு வாக்கால் மறுத்தது பயத்தால்தான் என்று தீர்ப்பும் சொன்னேன்.

"பயமில்லை, தம்பி. ஆக்களைப் பாத்துத்தான் சேர்க்கவேணும்" என்றபடி அவர் எழுந்தார்.

வடையை ஒருவரும் தொடவில்லை. எங்கள் ஆட்களிடையே அதைவிடத் தெளிவான மறுப்பு கிடையாது.

அக்கா தேநீர்த் தட்டுடன் சமையலறை வாசலில் நின்றாள். "உன்ர வாய்க்கு ஒரு வீட்டோ இல்லையோடா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

மன்னிப்புக் கேட்க அப்பா என்னைப் பாரிஸுக்குக் கூட்டிப்போனார். முதல் தரம் மாப்பிள்ளையின் தகப்பனார் வீட்டில் இல்லை என்றார்கள். (சப்பாத்து மட்டும் வாசலில் இருந்தது.) இரண்டாம் தரம் தண்ணீர் தந்தார். அப்பா என் தொடரின் பத்திரிகை நறுக்குகளை அங்கே விட்டுவிட்டு வந்தார். மூன்றாம் தரம் போனபோது அவை மேசையில் கிடந்தன, ஓரமெல்லாம் பென்சில் திருத்தங்களோடு. தானே சமைத்த நண்டுக்கறியை என் தட்டில் போட்டார்.

"பிரிட்டனையும் மூண்டாம் தரம் உள்ள விட்டவங்கள்தானே. சாப்பிடும்."

அப்பா இப்போது இல்லை. ஹவுன்ஸ்லோ வீடும் கைமாறிவிட்டது. ஆனால் எந்த விருந்திலும் நான் வடைத்தட்டைத் தூக்கினால், அக்காவின் பிள்ளைகள் "மாமா, சூயஸோ?" என்று கேட்பார்கள்.

பிரிட்டன் பிறகு தானாகவே ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறியது. அக்கா பாரிஸில்தான் இருக்கிறாள்.