அர்ச்சுனன் தபசுக்கு முன்னாடி ஒத்தைக் கால்ல நான்

போன ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். மகாபலிபுரம் போகணும், ஒரு போட்டோ எடுக்கணும், முத்தாபுதுப்பேட்டைக்குத் திரும்பி வரணும்.

மூணாவது படிக்கிற என் பொண்ணு யாழினிகிட்ட ஒரு புக்கு இருக்கு. சின்னப் பசங்க பழைய கோயில், கோட்டையெல்லாம் சுத்திப் பாக்கறதுக்கான கைடு. பக்கத்துக்குப் பக்கம் ஒரு வேலை வச்சிருப்பாங்க. அர்ச்சுனன் தபசு பக்கத்துல, "தவம் பண்றவர் மாதிரியே நின்னு போட்டோ எடுத்து ஒட்டு!"ன்னு ஒரு காலிக் கட்டம். மறுநாள் கிளாஸ்ல காட்டியே ஆகணுமாம்.

"நீயே நில்லும்மா."

"நான் கைடுப்பா! டூரிஸ்ட்தான் நிக்கணும்!"

நின்னேன். ஒத்தைக் கால், தலைக்கு மேல ரெண்டு கை, மூடின கண்ணு.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். நான் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தேன். கறுப்பு வேட்டி, தாடி, நெத்தி நிறைய சந்தனம். மாலை போட்டா பொண்டாட்டிகூட "சாமி"ன்னுதான் கூப்பிடணும்.

கூட வந்த என் பொண்டாட்டியும் தூரத்துல நின்னு போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுக் கத்தினா. "சாமி! காலை நல்லாத் தூக்குங்க சாமி! சார்ஜ் போகப் போகுது, அசையாதீங்க சாமி!"

ஊரே திரும்பிப் பாத்துது. கண்ணைத் திறந்தா, எதிர்ல கைக்குழந்தையோட ஒரு அக்கா.

"சாமி, கொயந்த நைட்டெல்லாம் அயுவுது. கொஞ்சம் துன்னூறு வெச்சி வுடு சாமி."

மாலை போட்டவன் திருநீறு இல்லைன்னு சொல்லலாமா? ஒத்தைக் கால்ல நின்னபடியே பொட்டலத்தை எடுத்து வச்சு விட்டேன். அவ்வளவுதான், புடிச்சுது சனி!

"இன்னா சாமி, அதுக்கு மட்டுந்தானா? நாங்களும் நின்னுகினுதானே கீறோம்!"

ஒரு வேன் கூட்டமே வரிசையில நிக்குது! ஒரு பெரியவர் என் காலைத் தொட வர்றாரு. ஐயா, தரையில இருக்கறதே ஒண்ணுதான்யா!

அந்த நேரம் பாத்து நம்ம கைடு அடுத்த பக்கத்தைச் சத்தமா வாசிச்சா. "இந்தச் சிற்பத்துல ஒரு பூனை இருக்கு, கண்டுபிடி! தவம் பண்ற மாதிரி ஒத்தைக் கால்ல நின்னு ஏமாத்துது. எலியெல்லாம் அதை நம்பிக் கும்பிடுது!"

வரிசை மொத்தமும் கல்லுல இருந்த பூனையைப் பாத்துது. அப்புறம் என்னைப் பாத்துது. அந்த அக்கா குழந்தை நெத்தியைத் துடைக்கலாமா வேணாமான்னு யோசிச்சுது.

'கிளிக்'. போன் அணைஞ்சுது.

திங்கக்கிழமை சாயந்திரம் புக்கு திரும்பி வந்துது. போட்டோவுல எனக்கு ஒரு அம்புக்குறி: பூனை. வரிசைக்கு ஒண்ணு: எலிங்க. டீச்சர் ஸ்டார் போட்டு, "அப்பா கையெழுத்து வேண்டும்"னு எழுதியிருக்காங்க.

மாலை போட்டிருக்கறப்ப கோபப்படக் கூடாதாம். போட்டுக் குடுத்தேன்.