ஒன்பதாவது குலுக்கல்

குழாய் கைநழுவித் தரையில் விழுந்தபோது சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. உள்ளே இருந்த மண் மட்டும் இரண்டாகப் பிளந்து, நாலாக உடைந்து, கடைசியில் வெறும் மணலாகக் கிடந்தது.

அதைத் தவறவிட்டவருக்கு ஆய்வகத்தில் 'நிதானம்' என்று பட்டப்பெயர். இருபது வருடத்தில் ஒரு மண் மாதிரியைக்கூட அசங்கவிட்டதில்லை. நிலநடுக்கம் வந்தால் நிலம் தாங்குமா என்று மண்ணை இயந்திரத்தில் குலுக்கிப் பார்ப்பது அவர் வேலை. அதற்கு முன்பே மண் குலுங்கிவிட்டால் சோதனை வீண். இதுவோ ஊரே காத்திருக்கும் புது ஆஸ்பத்திரி இடத்து மண். மூன்று மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்த ஒரே மாதிரி.

எல்லாம் சட்டைப்பையில் அதிர்ந்த போனால் வந்த வினை. கூப்பிட்டது மனைவியின் தம்பி.

"மாமா, நம்ம வீட்டு மாடி ரூம் தூணுக்குக் கொல்லையில குழி வெட்டியாச்சு. வந்து பாக்குறீங்களா?"

"குழி எங்கயும் ஓடிடாது. நீ உடனே ஆஸ்பத்திரி இடத்துக்குப் போ. அங்க சோதனைக் குழி திறந்தே கிடக்கு. அடியில இருந்து ஒரு வாளி மண்ணு எடுத்துட்டு வா. யார்கிட்டயும் மூச்சு விடாதே."

அரை மணி நேரத்தில் வாளி வந்துவிட்டது. மச்சினன் ஒரு வேலையை இத்தனை சுருக்காக முடித்து அவர் பார்த்ததே இல்லை.

"பரவாயில்லையே" என்று கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக அவனைப் பாராட்டினார்.

மண்ணை ரப்பர் உறையில் அடைத்து, தண்ணீர் ஏற்றி, இயந்திரத்தை ஓட்டினார். நாலாவது குலுக்கலில் மண் கூழாகிவிட்டது.

தளர்வாக அடைத்துவிட்டோம் போலிருக்கிறது என்று மறுபடியும் அடைத்தார். இந்தத் தடவை கை வலிக்க இடித்து இடித்து இறுக்கினார். ஒன்பதாவது குலுக்கலில் அதுவும் கூழ்.

திருட்டு மாதிரியை நம்பி ஆஸ்பத்திரி வேலையை நிறுத்தச் சொல்வதா? இயந்திரம் போட்டுக் கொடுத்த வரைபடத்தைக் கிழித்துப் போட்டுவிட்டால், நாளைக்கு நோயாளிகளோடு கட்டிடம் புதைந்தால்? வேலை போனாலும் போகட்டும் என்று மேலதிகாரி அம்மாவின் அறைக்குப் போனார். காலி வாளிக்காகக் காத்திருந்த மச்சினனும் பின்னாலேயே வந்தான்.

"மேடம், மாதிரியை நான் கீழ போட்டுட்டேன். இது குழியில இருந்து அள்ளி, நல்லா இறுக்கி அடைச்ச மண்ணு."

அந்த அம்மா வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார்.

"தப்புதான். அதுக்கு நீங்க எழுத்துல பதில் சொல்லணும். ஆனா இவ்வளவு இறுக்கியும் ஒன்பதாவது குலுக்கல்லயே போயிருக்கே. மறுபடி தோண்டிப் பாக்குற வரைக்கும் அந்த மண்ணு மேல ஒரு செங்கல் வைக்கக் கூடாது. காவல்காரர்கூட அங்க படுக்க வேண்டாம்னு சொல்லிடுங்க."

நிதானத்துக்குக் கண் கலங்கியது. நம்மால் எத்தனை உயிர் பிழைத்தது என்று நினைத்துக்கொண்டார்.

வாசலில் நின்ற மச்சினன் தலையைச் சொறிந்தான்.

"அவ்ளோ தூரம் போவானேன்னு நான் நம்ம கொல்லைக் குழியிலதான் மாமா அள்ளினேன். அப்ப நாம இன்னிக்கு எங்க படுக்குறது?"