கலர் மாஸ்டரின் கிணறு

என் ஆயுளில் நான் பட்ட அதிர்ச்சிகளைப் பத்தாகப் பிரித்தால், ஒன்பது கலர் மாஸ்டர் கொடுத்தவை. பத்தாவது, பனியன் கம்பெனிக்காரனான எனக்கு நூல் விலை.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்து, சாயப்பட்டறையில் கலர் சேர்த்தே தலை நரைத்த எங்கள் தெருக்காரர். வேலையை விட்டதும் மனிதருக்கு மழைப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. "ஆயிசு பூரா நொய்யல் ஆத்துக்குக் கலர் அடிச்சாச்சுவே. இனி கொஞ்சம் நல்ல தண்ணியும் விடணும்லா" என்பார்.

என் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்தன்று பட்டுப்புடவைக் கூட்டம் வாசலில் நிற்க, சாக்கடையில் ரத்தச் சிவப்பாய்த் தண்ணீர் ஓடி வந்தது. வேறு ஊராக இருந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பார்கள். எங்கள் சனம், "எந்தப் பட்டறைக்காரனுங்க சாயத்தைத் தொறந்து உட்டது?" என்று சண்டைக்குக் கிளம்பிவிட்டது.

"பட்டறையும் இல்ல, மண்ணும் இல்ல. கேசரிப் பவுடர்வே!" என்று மொட்டை மாடியிலிருந்து குரல் வந்தது. காலி பக்கெட்டோடு மாஸ்டர்! என் மழைநீர்க் குழாயில் கரைத்து ஊற்றியிருக்கிறார். "மழைக்குக் குழி வெட்டிருக்குன்னீரே, தண்ணி சாக்கடைக்குல்லா போவுது?"

கொத்தனார் பேருக்குக் குழாயை இறக்கி, நுனியைச் சாக்கடைக்குள் விட்டிருந்த லட்சணம் அப்போதுதான் எனக்கே தெரிந்தது. என் மனைவி பல்லைக் கடித்தாள். "ஏனுங்க, இந்த மனுசனுக்கு யாருங்க பத்திரிகை வெச்சது?"

யாருமே வைக்கவில்லை.

எங்கள் தெருக்கோடியில் துணி குடோன் வைத்திருக்கும் குடோன்காரர் இடத்தில் ஒரு வறண்ட கிணறு உண்டு. பனியன் வெட்டி மிஞ்சிய கட்டிங் வேஸ்ட் துணியைக் கொட்டிக் கொட்டிப் பாதி தூர்ந்துபோனது. தெருவில் போர்வெல் எல்லாம் காற்றைத்தான் கக்கிக்கொண்டிருந்தன. மாடி மழையை எல்லாம் அந்தக் கிணற்றில் இறக்கலாம் என்று மாஸ்டர் ஆரம்பித்ததும் குடோன்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். "ஐப்பசி மழை வரைக்கும் பாப்பனுங்க. தண்ணி நிக்கலீன்னா கெணத்த மூடிப்போட்டு குடோனை இழுத்துக் கட்டிருவனுங்க."

மாஸ்டர் அன்றே மண்வெட்டியோடு கிணற்றுக்குள் இறங்கிவிட்டார். எனக்கே சங்கடமாகிவிட்டது.

அப்புறம் தெரு ரணகளம். கிணற்றிலிருந்து துணிக்கழிவை மூட்டை மூட்டையாக ஏற்றினார். ஒருநாள் கம்பெனி விட்டு வந்தால், என் கேட்டுக்குக் குறுக்கே நெஞ்சளவில் குழாய்! கார் எப்படி உள்ளே போகும்?

"காரை வெளிய போடும்வே. மழை உள்ள போட்டும்."

இப்படி மூன்று வீட்டுக் குழாய்களைக் கிணற்றுக்கு இழுத்தார். நாலாவதாகக் குடோன்காரர் வீடு. ஊர்ப் பேச்சுக்குப் பயந்து அவரும் தலையாட்டினார்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. எல்லோரும் கிணற்றடிக்கு ஓடினோம். எட்டிப் பார்த்த என் மனைவி, "ஐயோ சாமி!" என்று அலறினாள்.

கிணற்றுக்குள், கடைசிப் படியில், முழங்கால் தண்ணீரில் குடை பிடித்து நிற்கிறார் மாஸ்டர்!

"மேல வாங்க மாஸ்டர்! கால் வழுக்குனா போச்சுங்க!" என்று கத்தினேன்.

"மூணு குழாய் ஊத்துது. நாலாவதுல ஒரு சொட்டு வரல. அது வரட்டும், வாரேன்."

குடோன்காரர் முகம் வெளிறிவிட்டது. கிணறு நிறையக்கூடாதென்று மாடியில் குழாய் வாய்க்குள் பனியன் துணியை அடைத்து வைத்திருந்தவர் அவர்தான். தண்ணீர் மாஸ்டரின் இடுப்புக்கு ஏறியது. மனிதர் அசையவில்லை.

"என்ற கெணத்துலயா சாகோணும்!" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடிக்கு ஓடினார் குடோன்காரர். கொஞ்ச நேரத்தில் நாலாவது குழாய் மாஸ்டரின் தலையிலேயே கொட்டியது. குடை கிழிந்தது. உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம்.

சொட்டச் சொட்ட மேலே ஏறி வந்தவரிடம் குடோன்காரர் கேட்டார். "நீச்சலாச்சும் தெரியுமுங்களா?"

"தெரியாதுவே."

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அடித்திருப்பேன். கண்ணில் தண்ணீர் முட்டியதால் விட்டேன். குடோன்காரர் கிணற்றைச் சுற்றிக் காலடியால் அளந்துகொண்டே சொன்னார்.

"மூடறது கெடக்குட்டுங்க. மொதல்ல சுத்தியும் கம்பி போடோணும். இந்தாளு மறுபடியும் எறங்கிப்போடுவாருங்க."

கம்பி வேலி போட்டு, கதவு வைத்துப் பூட்டியும் ஆயிற்று. சாவியை மாஸ்டரிடம் மட்டும் யாரும் கொடுப்பதில்லை. மழை வந்தால், எங்களில் ஒருவர் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டுதான் கதவைத் திறக்கிறோம்.